இருபத்து மூன்று புள்ளிகள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ உடம்பு முடியவில்லை என்றுதான் நினைத்திருப்பாய். பயப்படாதே, எல்லோரும் நன்றாக இருக்கிறோம். ஆறு வருஷமாகப் பேசாதவள் காரணமில்லாமல் எழுதுவாளா என்று நீ யோசிப்பதும் எனக்குத் தெரியும். காரணம் இருக்கிறது. சந்தோஷமான காரணம்.

போன் செய்யலாம் என்றுதான் முதலில் எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் அம்மா வீட்டைக் காலிசெய்த அன்றைக்கு நீ சொன்னது ஞாபகம் வந்துவிடும், சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சண்டைக்கு நிற்பேன். அதனால்தான் பேனா.

முந்தாநாள் காலையில் மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறந்ததும், என் வீட்டுக்காரர் லென்ஸ் அறுக்கிற மிஷினைத் துடைக்கப் பழைய பேப்பர் ஒன்றை எடுத்தார். கிழிக்கப் போனவர் நிறுத்திவிட்டு, "இங்க பாரு, உங்க பழைய ஆளுங்க ஏதோ படம் போட்டிருக்காங்க" என்று நீட்டினார். கால் பக்கத்துக்குப் படம். புதிய விண்வெளித் தொலைநோக்கி எடுத்தது. நடுவில் நேராக, பளிச்சென்று ஒரு பட்டை. அதன் ஒரு முனையிலிருந்து ஒரு கை மேலே வளைந்து போகிறது. மறுமுனையிலிருந்து இன்னொரு கை கீழே வளைந்து போகிறது.

அக்கா, அது என் கொக்கி!

நான்தான் அதற்குக் கொக்கி என்று பேர் வைத்தேன், மறந்திருக்க மாட்டாய். அப்போது பழைய தொலைநோக்கியின் படத்தில் அந்த விண்மீன் மண்டலம் மொத்தமே இருபத்து மூன்று புள்ளி நீளம். வேறு யாராவது பார்த்தால் திரையில் தூசு என்று விரலால் தேய்ப்பார்கள். அதற்குள் ஒரு பட்டை இருக்கிறது, பட்டையின் முனைகளிலிருந்து கைகள் கிளம்புகின்றன என்று நான் சொன்னேன். அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி ஆயிரத்து நூறு கோடி வருஷம் ஆகிறது. அவ்வளவு இளசான மண்டலத்தில் இப்படி ஒழுங்கான பட்டை உருவாகியிருக்கவே முடியாது, அந்தக் காலத்தில் எல்லாம் கொதிக்கிற உலை மாதிரி இருந்திருக்கும் என்று பெரியவர்கள் அடித்துச் சொன்ன நேரம் அது. நான் கேட்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினேன்.

அது திரும்பி வந்தது உனக்குத் தெரியும், என்ன சொல்லித் திருப்பினார்கள் என்று நான் சொன்னதில்லை. பெயரை மறைத்துக்கொண்டு படித்துத் தீர்ப்புச் சொல்கிற மதிப்பாய்வாளர் ஒருவர், "இது ஒரு மண்டலம் இல்லை, ஒன்றின் முன்னால் ஒன்றாக நிற்கும் இரண்டு; இடையில் தெரிவது பட்டை இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். நான் வீட்டில் அவரை 'ஐயா' என்றுதான் சொல்வேன். ஐயாவின் கடைசி வரி எனக்கு இன்னும் மனப்பாடம். "கட்டுரையாளர் தாம் பார்க்க விரும்பியதைப் பார்த்திருக்கிறார்."

கடைக்குக் கண் சோதிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் கடைசி வரியை ஊகத்தில் அடித்துவிடுவார்கள். "தெரியுதா?" என்று கேட்டால், "தெரியுது, தெரியுது" என்பார்கள். அப்போதெல்லாம் ஐயா வந்து நிற்பார். நானும் இப்படித்தான் அடித்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். என் கண்ணை நம்பாமல் விட்டுவிட்டு, இத்தனை வருஷமாக ஊரார் கண்ணைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ இப்போது அந்த இதழின் ஆசிரியர் குழுவில் இருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். ஐயா யார் என்று கண்டுபிடித்துச் சொல்வாயா? சண்டை போட இல்லை, சத்தியமாக. படத்தைப் பார்த்தாரா, பார்த்ததும் என்ன தோன்றியது என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

என் மகளுக்கு ஒன்பது முடிந்துவிட்டது. நான் எழுதுவதை எட்டிப் பார்த்து, "பெரியம்மாவுக்கா? அவங்க கோபக்காரங்களா?" என்றாள். "இல்ல, ரெண்டு பேர்ல கோபக்காரி நான்தான்" என்று சொல்லியிருக்கிறேன். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன்,
சுண்டு


ஜனவரி 27

அன்புள்ள சுண்டு,

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதியே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்கு வேலை காரணம் என்று எழுதினேன், அடித்துவிட்டேன். வேலை எப்போதும்தான் இருக்கிறது.

அந்தப் படத்தைப் பத்திரிகையில் வருவதற்கு முன்பே பார்த்தேன். நவம்பரில் எங்கள் கூட்ட அறையில், அதை எடுத்த குழுவின் தலைவி திரையில் போட்டார். நாங்கள் முப்பது பேர் இருந்தோம். பட்டை தெரிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் உன்னை நினைத்தேன். அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

நீ சொன்னது சரியாக இருந்தது. அதை யாரும் சொல்வதற்கு முன் நான் சொல்லியிருக்க வேண்டும், இப்போதாவது சொல்கிறேன்.

மதிப்பாய்வாளரின் பெயரைக் கேட்கிறாய். அதை வெளியே சொல்வது இதழின் முறையில்லை. ஆசிரியர் குழுவில் இருக்கிறேன் என்பதற்காக நான் பழைய கோப்புகளைத் திறந்து பார்ப்பதும் சரியில்லை. அன்றைய தரவை வைத்து அவர் அப்படி முடிவு செய்ததில் ஏதோ நியாயம் இருந்திருக்கலாம். இருபத்து மூன்று புள்ளியை வைத்துக்கொண்டு எவ்வளவுதான் சொல்ல முடியும்? இரண்டாம் சுற்றில் நீ சேர்த்த நிறப் படம் உன் வாதத்தைப் பலப்படுத்தியது உண்மைதான். ஆனாலும் அது போதாது என்று ஒருவர் நினைத்தால் அதைக் குற்றம் என்று சொல்ல முடியுமா? அவரை விட்டுவிடு, சுண்டு. வயதாகியிருக்கும். மறந்துகூடப் போயிருக்கும்.

உன் கட்டுரையின் பிரதி இருந்தால் அனுப்பு. குழுத்தலைவியிடம் நானே கொடுக்கிறேன். அவர்கள் எழுதப்போவதில் உன் பெயர் வர வேண்டும்.

அம்மா வீட்டைக் காலிசெய்த அன்று, அலமாரிச் சாவிக்காக ஆரம்பித்த பேச்சில், "நடுவுல விட்டுட்டு ஓடி வந்தவதானே நீ" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதிலும் நான் சொல்லியிருக்கக் கூடாது.

அத்தான் நலம். உன் மகளுக்கு என் அன்பு.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை என் வீட்டுக்காரருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "உங்க அக்காவா எழுதினாங்க?" என்று கேட்டுவிட்டார். அவருக்கு நீ தப்பென்று ஒத்துக்கொள்கிற ஜாதி இல்லை என்று எண்ணம். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. போகட்டும், சாவியை நானும்தான் பிடுங்கினேன்.

பிரதி கேட்டாய். இல்லை, அக்கா. அந்தப் பழைய லேப்டாப் உயிரை விட்டபோது எல்லாம் அதோடு போய்விட்டது. எடுத்துவைக்க வேண்டும் என்றும் அப்போது தோன்றவில்லை. என் கொக்கியைப் பற்றி நான் எழுதியதற்கு இந்த உலகத்தில் சாட்சி என்று ஒரு தாள்கூட இல்லை.

ஒன்று கேட்கிறேன். இரண்டாம் சுற்றில் நிறப் படம் சேர்த்தது உனக்கு எப்படித் தெரியும்? "நான் ஒரு தடவை படிச்சுப் பார்க்கட்டுமா?" என்று நீ கேட்டதும், "வேண்டாம், அக்கா எழுதிக் கொடுத்ததும்பாங்க" என்று நான் முறுக்கிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு கட்டுரைக்குள் என்ன இருக்கிறது என்று உன்னிடம் வாயே திறக்கவில்லை. அம்மா சொல்லியிருப்பாள். அம்மாவிடம் ரகசியம் சொல்வதும் ஒலிபெருக்கி வைத்துச் சொல்வதும் ஒன்றுதான்.

இரண்டாம் தடவை திரும்பி வந்த அன்று என்ன நடந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்த அறை உனக்கு நினைவிருக்கும். ஏசி ஒழுகும், அடியில் ஒரு வாளி வைத்திருப்போம். கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்து அந்த வாளியைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தேன். என் டம்ளரைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்தேன். துறைத் தலைவர் அறைக்குப் போய், "நான் நின்னுக்கிறேன் சார்" என்றேன். "யோசிச்சுச் சொல்லும்மா" என்றார். நீயும் அன்று சாயங்காலம் போனில் "யோசிச்சுக்கோ" என்றாய். நான் யோசிக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை, "இல்ல, எனக்கும் அது பட்டை மாதிரிதான் தெரியுது" என்று சொல்லியிருந்தால் அந்த வாளியை அங்கேயே வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

சரி. ஐயாவை விட்டுவிடு என்கிறாய். பெயர் வேண்டாம். இத்துடன் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். இதழ் மூலமாகச் சேர்ப்பித்துவிடு, அது முறைதானே? நீயும் படிக்கலாம் என்பதற்காக ஒட்டாமல் வைத்திருக்கிறேன்.

"ஐயா, வணக்கம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பட்டைச் சுருள் மண்டலத்தைப் பற்றி நான் எழுதியதை நீங்கள் இரண்டு முறை மறுத்தீர்கள். வேண்டுமென்று செய்திருக்க மாட்டீர்கள். மங்கலான படத்தில் யாருக்கும் தவறும், எனக்கும் அதே தொழில்தான். ஒரே ஒரு கேள்வி. அந்தக் கடைசி வரியை எழுதும்போது, இதைப் படிக்கப்போவது ஒரு மனுஷி என்று நினைத்தீர்களா?"

உன்,
சுண்டு


மார்ச் 2

சுண்டு,

நீ ஐயாவுக்கு எழுதிய சீட்டு சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. அது நான்தான்.

இதைப் போனில் சொல்ல வேண்டும் என்று மூன்று முறை எண்ணை அழுத்தினேன். மணி அடிப்பதற்கு முன் வைத்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். இதழிலிருந்து எனக்கு அஞ்சல் வந்தது. இந்தப் பகுதி வானத்தைப் பற்றி அதிகம் தெரிந்தவர் நீங்கள், இந்தக் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்கள். தலைப்பைப் பார்த்ததுமே உன்னுடையது என்று தெரிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் பெயரை மாற்றிக்கொண்டதால் நாம் ஒரே வீட்டுப் பெண்கள் என்று ஆசிரியருக்குத் தெரியாது. 'இவள் என் தங்கை, என்னால் முடியாது' என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அதுதான் முறை, அதுதான் நேர்மை. எனக்குத் தெரியாததில்லை. நீ படிக்கக் கொடுக்க மாட்டேன் என்றதை அவர்களே என் கையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

அது இரண்டு மண்டலங்கள் என்று நான் நம்பினேன். இப்படி ஒரு கட்டுரை அச்சில் வந்து, பிறகு தப்பு என்று ஆனால் உன்னைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். உனக்கு அப்போது வேலைகூட நிரந்தரமாகவில்லை. ஊரில் பத்துப் பேரிடம் அடிவாங்குவதைவிட, பெயர் தெரியாத ஒருவர் முன்கூட்டியே தட்டிவைப்பது நல்லது என்று நினைத்தேன். உன்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். அந்தக் கடைசி வரி அளவுக்கு மீறியது. எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். நீ ரோஷக்காரி, கோபம் வந்து இன்னும் நல்ல தரவோடு மூன்றாம் முறை அனுப்புவாய் என்று காத்திருந்தேன். நீ வேலையையே விடுவாய் என்று என் கனவிலும் தோன்றவில்லை. விட்ட பிறகு எப்படிச் சொல்வது? ஒவ்வொரு வருஷமும் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. அம்மாவிடமும் சொல்லவில்லை. உன் அத்தானிடம் போன வாரம்தான் சொன்னேன். எழுந்து போய்விட்டார்.

ஒரு தாள்கூட இல்லை என்று எழுதியிருந்தாய். இருக்கிறது. அப்போது படிப்பதற்காக நான் அச்செடுத்த பிரதி, பதினெட்டுத் தாள், என் இரும்பு அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. என் பென்சில் குறிப்புகளோடு அப்படியே அனுப்புகிறேன். அது உன்னுடையது.

உன் கேள்விக்குப் பதில். நினைத்தேன். படிக்கப்போவது நீ என்று தெரிந்துதான் எழுதினேன்.

அக்கா


மார்ச் 15

பார்சல் வந்தது. கடிதத்தையும் படித்தேன், பதினெட்டுத் தாளையும் படித்தேன்.

கடிதத்தைப் படித்த அன்றைக்கு நான் உனக்கு எழுதியிருந்தால் அது வேறு மாதிரிக் கடிதமாக இருந்திருக்கும். என் வீட்டுக்காரர், "பாசத்துல செஞ்ச தப்புதானே, விடு" என்றார். எனக்கும் அழுகையோடு அழுகையாக அப்படித்தான் தோன்றியது. அக்கா என்னைக் காப்பாற்றப் போய்க் கெடுத்துவிட்டாள், பாவம், அவளும் இத்தனை வருஷம் இதைச் சுமந்திருக்கிறாள் என்று அரை நாள் உனக்காக வருத்தப்பட்டேன். கடையில் ஒருவருக்கு வலது கண் பவரை இடது கண்ணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள்தான் தாள்களை எடுத்தேன். எங்கள் கடையில் லென்ஸில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு விளக்கு உண்டு. மேலிருந்து அடிக்காது, பக்கவாட்டில் அடிக்கும். ஒன்பதாம் பக்கத்தில், என் கொக்கியின் படத்துக்குப் பக்கத்தில், ரப்பர் தேய்த்து மழுங்கிய இடம் இருந்தது. அதை அந்த விளக்கின் கீழ் வைத்தேன். பென்சில் போய்விடும், அழுத்தி எழுதிய தடம் போகாது.

"பட்டைதான்" என்று எழுதியிருக்கிறாய். அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாய். ஆச்சரியக்குறிகூட இருக்கிறது. நீ ஆச்சரியக்குறி போட்டு நான் பார்த்ததே இல்லை.

இரண்டு மண்டலங்கள் என்று நம்பியதாகப் போன கடிதத்தில் எழுதினாயே. எப்போது நம்பினாய்? இதை எழுதுவதற்கு முன்னாலா, அழித்ததற்குப் பின்னாலா?

உனக்காக வருத்தப்பட்ட அந்த அரை நாளை நினைத்தால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

ஏன் என்று ஒரே ஒரு தடவை எழுது. ஜோடிக்காமல் எழுது. அதற்குப் பிறகு எழுதாதே.


மார்ச் 29

சுண்டு,

அந்த வானப் பகுதியின் பட்டியலைத் தயாரித்தது நான். உனக்குத் தெரியும். நாற்பத்தோராயிரம் மண்டலங்கள், இரண்டு வருஷ வேலை, என் பெயர் முதலில் வந்த முதல் பெரிய வேலை. ஒவ்வொன்றாகத் திரையில் வரும். தனி, இரட்டை, தெளிவில்லை என்று மூன்றில் ஒரு விசையை அழுத்த வேண்டும். ஒன்றுக்கு நாலைந்து நொடிக்கு மேல் கொடுத்தால் கெடுவுக்குள் முடிக்க முடியாது. உன் கொக்கியும் ஒரு நாள் என் முன்னால் வந்து நாலைந்து நொடி நின்றிருக்கிறது. 'இரட்டை' என்று அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன்.

உன் கட்டுரையை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை மேசையில் வைத்துப் படித்தேன். எட்டாம் பக்கம் வரைக்கும் உன் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினேன். நீ அந்தப் பளிச்சென்ற நடுப்பகுதியை மட்டும் கணக்குப் போட்டுக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டியிருந்தாய். இரண்டு கைகள் தெரிந்தன. பட்டை தெரிந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. என்னை அறியாமல் எழுதினேன், கோடு போட்டேன். முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். அதை நீ நம்ப வேண்டியதில்லை. எழுந்து போய்ப் போனை எடுத்தேன், உன்னைக் கூப்பிட்டு "ஏய், கண்டுபிடிச்சிட்டடி" என்று கத்துவதற்காக.

போனைக் கையில் எடுத்த பிறகுதான் என் பட்டியல் ஞாபகம் வந்தது.

அடுத்த மாதம் பிரிவுத் தலைவர் பதவிக்கு நேர்காணல். அந்தப் பட்டியலை வைத்துத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்று தப்பு என்றால் மற்றவற்றில் எத்தனை தப்பு என்று கேட்பார்கள். இதுதான் காரணம் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். ஜோடிக்காமல் எழுது என்றாய். அதனால் சொல்கிறேன், பதவி பெரிய விஷயமாக இருக்கவில்லை. நேர்காணலில் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

நான் பார்க்காமல் விட்டதை நீ பார்த்துவிட்டாய். என்னால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து உனக்கு எல்லாவற்றையும் நான்தான் காட்டிக்கொடுத்திருக்கிறேன். உன் முதல் அட்லஸில் என் பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதிக் கொடுத்தேன். என் பின்னாலேயே இந்தத் தொழிலுக்கு வந்தாய். என் பின்னாலேயே இருப்பாய் என்று நினைத்துவிட்டேன். வேறு யார் கண்டுபிடித்திருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன்.

போனை வைத்தேன். ரப்பரை எடுத்தேன். அதற்குப் பிறகு உன் வாதத்தில் ஓட்டை தேடினேன். தேடினால் எதிலும் கிடைக்கும்.

இதழ் ஆசிரியருக்கும் எங்கள் இயக்குநருக்கும் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆசிரியர் குழுவிலிருந்தும் பிரிவுத் தலைவர் பொறுப்பிலிருந்தும் விலகிவிட்டேன். அனுப்புவதற்கு முன் உன் பதினெட்டுத் தாளையும் நகலெடுத்தேன், அதைக் குழுத்தலைவியிடம் கொடுத்திருக்கிறேன். அவர் உனக்கு எழுதுவார். இதனால் உனக்கு எதுவும் திரும்ப வராது என்று எனக்குத் தெரியும்.

நீ சொன்னபடி இனி எழுத மாட்டேன்.

அக்கா


ஜூன் 21

அக்கா,

எழுதாதே என்று சொன்னது உன்னை. அதனால் நான் எழுதலாம்.

குழுத்தலைவி கூப்பிட்டார், போன வாரம் போய்வந்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் கடையைத் தனியாகப் பார்த்துக்கொண்டார். நான் வரும் நாளில் நீ லீவு என்று சொன்னார்கள். தெரிந்துதான் போட்டிருப்பாய். நல்லதாகப் போயிற்று. மூன்றாம் மாடியில் உன் அறையைத் தாண்டித்தான் கூட்ட அறைக்குப் போக வேண்டியிருந்தது. கதவில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள், நாலு திருகு ஓட்டை மட்டும் இருக்கிறது. உன்னைக் கீழ்த்தளத்தில் பழைய படச் சேமிப்பறைக்கு மாற்றிவிட்டதாக வாசலில் இருந்தவர் சொன்னார், நான் கேட்காமலே.

படத்தைச் சுவர் முழுக்கப் போட்டுக் காட்டினார்கள். நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேப்பரில் பார்த்த அன்று துள்ளிக் குதித்தேனே, அந்த மாதிரி ஒன்றும் வரவில்லை. அதன் பட்டையில் தூசு படிந்த கோடுகள்கூடத் தெரிகின்றன. எனக்குத் தெரிந்த கொக்கி வேறு, அது இருபத்து மூன்று புள்ளி. இது அதன் பெரிய மனுஷி ஆன கோலம். நான் இல்லாத நேரத்தில் வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு பேச ஆரம்பித்தார்கள். பட்டை எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, வாயு எப்படி அதன் வழியாக நடுவுக்கு இறங்குகிறது என்று. முதல் பத்து நிமிஷம் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மூச்சு வாங்கிவிட்டது. அவர்கள் சொல்கிற முறைகள், மென்பொருள்கள், ஒரு பெயர்கூட நான் கேள்விப்பட்டதில்லை. அங்கே பேசிக்கொண்டிருந்த பெண் நல்லவள். என்னை ஒதுக்கிவிடக் கூடாது என்று நினைத்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க மேடம்? இதை முதல்ல பார்த்தது நீங்கதானே" என்றாள். அறையே திரும்பிப் பார்த்தது. "அழகா இருக்கு" என்றேன்.

சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள். அந்தக் கேள்வியைப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் கேட்டிருந்தால் சாயங்காலம் வரைக்கும் கரும்பலகையை விட்டு என்னை யாரும் நகர்த்தியிருக்க முடியாது. பேர் போனது, கட்டுரை போனது என்றெல்லாம் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவை எல்லாம் வந்துவிட்டன, அவர்கள் கட்டுரையில் என் பெயர் மூன்றாவதாக இருக்கிறது. போனது அது இல்லை என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. எனக்கு அந்தத் தொழிலே மறந்துவிட்டது.

மத்தியானம் கேன்டீனில் பக்கத்து மேசையில் இரண்டு பேர் உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் யாரென்று தெரியாது. "சொந்தத் தங்கச்சிக்கே குழி வெட்டியிருக்காங்கப்பா. இவங்ககிட்டதான் நாம லீவு லெட்டர் கொடுத்துட்டு இருந்தோம்" என்று ஒருவன் சொல்ல, மற்றவன் சிரித்தான். நான் நாற்காலியைத் திருப்பி, "தம்பி, அது எங்க வீட்டு விஷயம். உங்க தட்டுல என்ன இருக்குன்னு பாருங்க" என்றேன். இரண்டு பேரும் முகம் செத்துப்போய் எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. இவளுக்காக நீ ஏன் வரிந்து கட்டுகிறாய் என்று. உன்னைத் திட்டுகிற உரிமையை நான் யாருக்கும் பங்கு வைக்கத் தயாராக இல்லை போலிருக்கிறது.

இதழ்க்காரர்கள் என் பழைய கட்டுரையைப் பழைய தேதியோடு வெளியிடப் போகிறார்கள். மதிப்பாய்வாளரின் பிரதியையும் அப்படியே சேர்க்கலாமா, அது உங்கள் முடிவு என்று ஆசிரியர் கேட்டார். ஒன்பதாம் பக்கத்தில் நீ அழித்ததைப் பற்றி அவருக்குத் தெரியாது. நீ அவருக்கு எழுதிக் கொடுத்ததில் அதையும் சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன், சொல்லவில்லை. எனக்கு அது முதலில் உறுத்தியது. பிறகு, அதைச் சொல்வதா வேண்டாமா என்பதை என்னிடம் விட்டுவிட்டாயோ என்று தோன்றியது. எது உண்மை என்று கேட்கவில்லை.

சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் மேல் இரக்கப்பட்டு என்று எடுத்துக்கொள்ளாதே. அந்தக் கட்டுரையை உலகத்திலேயே முதலில் நம்பியது நீதான். மேசையிலிருந்து போன் வரைக்கும் நடந்து போகிற நேரம் நம்பியிருக்கிறாய். எனக்குக் கிடைத்த நம்பிக்கை மொத்தமும் அவ்வளவுதான். அதை அச்சடித்து ஊருக்குக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

பள்ளிக்கூட லீவில் என் மகள் பெரியம்மாவைப் பார்க்க வேண்டும் என்கிறாள். பெரியம்மா என்று ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து இதே நச்சரிப்பு. நான் வர மாட்டேன், என்னால் இப்போது முடியாது. அவள் அப்பா கொண்டுவந்து விடுவார், நாலு நாள் வைத்துக்கொள். கொஞ்சம் வாயாடி. எதையாவது காட்டி, இது என்ன, அது என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவசரமாகப் பதில் சொல்லாதே. அம்மா ஏன் வரவில்லை என்று அவள் கேட்டால், நான் இன்னும் கோபமாக இருக்கிறேன் என்றே சொல். அவளிடம் பொய் சொல்ல வேண்டாம்.

நீயும் எழுதலாம் என்று சொல்லத்தான் இவ்வளவும். வீட்டைப் பற்றி எழுது, அத்தானைப் பற்றி எழுது, அந்தக் கீழ்த்தளத்து அறையில் வெளிச்சம் வருகிறதா என்று எழுது. மன்னித்துவிட்டாயா என்று மட்டும் கேட்டு எழுதாதே. இப்போது கேட்டால் இல்லை என்றுதான் பதில் எழுதுவேன். பேசினதை என்றைக்காவது மறந்துவிடலாம். எழுதினால் நீ அதை எடுத்து வைத்துக்கொள்வாய்.

தங்கை